அழிக்க அனுமதி பெற்றவள்

எண்பத்தேழாம் வருஷம் ஆரணி கமண்டலநதி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் தனி அறை ஒதுக்கினார்கள். அறைக்குக் குளிர்சாதனப் பெட்டி வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டார்கள். நெசவாளி மட்டும் வழக்கம்போல வெளியே வெயிலில் நின்று நூல் வாங்கினான். அவனுக்கு வேர்த்தால் பரவாயில்லையாம், மெஷினுக்கு வேர்த்தால் கணக்கு தப்பிவிடுமாம்.

அந்தக் குளிர் அறையில் உட்கார வாய்த்தவள் ஆதிலட்சுமி. பிறந்தது நெசவாளர் தெருவில்தான். ஆனால் இடது கால் பிறவியிலேயே சூம்பல். தறிக்குழியில் இறங்கி மிதிக்க ஆகாது. தறி மிதிக்காத பெண்ணைக் கட்டிக்கொள்ளத் தெருவில் ஒருவனும் வரவில்லை. அண்ணன் சின்னக்கண்ணுதான் அவளை டைப் அடிக்கப் படிக்க வைத்தான். ஒவ்வொரு சேலை முடிந்து கூலி வாங்கும்போதும் முதலில் டைப்ரைட்டிங் வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவான். எழுபத்து நாலில் அவள் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அண்ணன் வீட்டிலேயே பின்கட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டாள். அண்ணி பொன்னியம்மாள் வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "நொண்டிச்சி வந்துட்டாடி, சோறு எடுத்து வை" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு அவளே எடுத்து வைப்பாள்.

அந்தக் காலத்தில் சங்கத்தின் பட்டு நூல் அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று நூல் கிளார்க்கிடம். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் தெருவுக்கே நூல் கிடையாது. எத்தனையோ பேர் அந்தப் பூட்டைத் திட்டியிருக்கிறார்கள். ஆதிலட்சுமி திட்டியதில்லை. ஒருத்தன் கெட்டவனானாலும் இன்னொருத்தன் கூட வரவேண்டுமே என்று அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நேமிநாதன். போளூர்ப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை, மெட்ராசில் வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் எதையும் ஜல்தியாகச் சொல்லி முடித்துவிடுவான். உறுப்பினர் பேர்களுக்கு ஒரு புரோகிராம், நூல் கொடுக்க ஒன்று, நெய்த சேலையை வரவு வைக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேபிள். மேனேஜர் ரங்கசாமியையும் நூல் கிளார்க் வேணுகோபாலையும் ஆதிலட்சுமியையும் வரிசையாக உட்கார வைத்து அவன் பாடம் எடுத்தான்.

"பாக்கறது, சேக்கறது, திருத்தறது, அழிக்கறது. நாலு அனுமதி. நூல் புரோகிராம் உறுப்பினர் டேபிள எட்டிப் பாக்கலாம். இந்தப் பேரு இருக்கான்னு கேக்கலாம். இருந்தா நூல் குடுக்கும், இல்லன்னா குடுக்காது. ஆனா அங்க போய் ஒரு எழுத்த மாத்த முடியாது."

"சரி, நான்?" என்றார் ரங்கசாமி.

"நீங்க எல்லா டேபிளயும் பாக்கலாம் சார்."

"பாத்துகினே இருக்கறதுக்கு நான் இன்னா டூரிங் டாக்கீசுக்கா வந்துகீறேன்? அழிக்கறது யாரு?"

"நூல், சேலை ரெண்டுலயும் கை வைக்காதவங்க ஒருத்தர்தான் பேர்ல கை வைக்கலாம். ஆடிட்ல அப்படித்தான் கேப்பாங்க. இந்த அம்மாவுக்குக் குடுத்திருக்கேன். யாரு எந்தத் தேதில எத்தன மணிக்கு அழிச்சாங்கன்னு மெஷினே எழுதி வச்சிக்கும். அத மட்டும் யாராலயும் அழிக்க முடியாது."

ரங்கசாமி மேனேஜர் சிரித்தார். அவர் சிரிப்பது மாதச் சம்பளம் போல, தேதி பார்த்துத்தான் வரும். அன்றைக்கு அது தேதி தப்பி வந்தது.

ஆதிலட்சுமி பாஸ்வேர்டு வைத்தாள். எல்லாரும் சாமி பேர்தான் வைப்பார்கள், அதனால் எல்லாரும் சாமி பேரைத்தான் போட்டுப் பார்ப்பார்கள் என்று யோசித்து, 'வெண்டைக்காய்' என்று வைத்தாள். இங்கிலீஷ் எழுத்தில். முப்பத்திரண்டு வயதில், அவள் சொன்னால் மட்டும் திறக்கிற கதவு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். "அதுல காய் வெளைஞ்சா ரெண்டு கொண்டா" என்றாள் பொன்னியம்மாள்.

மறு வருஷம் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. மேனேஜரின் மைத்துனர் தலைவர் பதவிக்கு நின்றார். நெசவாளர் தெரு மொத்தமும் அவருக்கு எதிர். நூலில் எடை குறைகிறது என்று கூட்டம் போட்டுக் கேட்டவன் சின்னக்கண்ணு, அவன் பின்னால்தான் தெரு நின்றது. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் ரங்கசாமி குளிர் அறைக்குள் வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"இந்தாம்மா, உங்க தெருவுல பாதிப் பேரு தறி ஓட்றதே இல்லயாம். அந்தப் பேருங்களக் கழிச்சிடு."

"யாரு சார் ஓட்டல? எங்க அண்ணன் தறி சத்தத்துலதான் நான் கண்ணு முழிக்கிறேன்."

"சொன்னதச் செய்."

"தீர்மானம் போட்டுக் கொண்டாங்க சார். செய்யறேன்."

அவர் போய்விட்டார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. மேனேஜரைப் பார்த்து 'முடியாது' என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது.

சங்கத்தில் ஆயுத பூசை என்றால் சாதாரணமில்லை. தராசு, எடைக்கல், அளவுகோல், முத்திரை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வந்துவிடும். கட்டடத்தில் உள்ள அத்தனை சாவியும் ஒரு பித்தளைத் தட்டில் குவியும். சாவியைத் தட்டில் வைக்காதவன் ஏதோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். பூசை முடிந்தால் மறுநாள் விஜயதசமி மறுபூசை வரை யாரும் எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. தெருவில் அன்றைக்கு ஒரு தறியிலும் நாடா ஓடாது. குடிகாரன்கூட அன்றைக்குத் தன் டம்ளருக்குப் பொட்டு வைத்துவிட்டு வேறு டம்ளரில் குடிப்பான்.

பியூன் தசரதன் வாழைக்கன்று கட்டினான். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டான். அதன் திரைக்கு விபூதிப் பட்டை இழுத்தான். பார்ப்பதற்கு அது இரண்டாம் தாரம் கட்டப்போகிற மிராசுதார் மாதிரி இருந்தது. பிளாப்பி என்கிற சதுரத் தட்டையும் அவன் விடவில்லை. உறுப்பினர் பேர்களையெல்லாம் நகல் எடுத்து அவள் பத்திரமாக வைத்திருந்த தட்டு அது. உறையிலிருந்து உருவி, நடுவில் மினுங்கிக்கொண்டிருந்த கறுப்புத் தகட்டிலேயே சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமமும் வைத்தான்.

தட்டில் சாவிகளைப் பார்த்துக்கொண்டே ரங்கசாமி கேட்டார்: "எல்லாச் சாவியும் வந்துச்சா? கம்ப்யூட்டர் சாவி எங்க?"

"அதுக்குச் சாவி கெடயாதே சார். ஒரு வார்த்ததான்" என்றாள் ஆதிலட்சுமி.

"அப்ப வார்த்தைய வைம்மா. அம்மாவுக்கு முன்னாடி மறைக்கறதா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பதினாலு வருஷமாக அவள் பேனா கத்தியைக்கூட மறக்காமல் தட்டில் வைத்தவள். தன் ஆயுதம் மட்டும் பூசை இல்லாமல் இருந்தால் அந்த வருஷம் முழுக்க விளங்காது என்று அவளும் நம்புகிறவள்தான். அதுவும் இன்றைக்கு மெஷினை யார் தொடப் போகிறார்கள்? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, மூலையில் மஞ்சள் தடவி, சாவிக் குவியலுக்கு அடியில் சொருகினாள். நாளைக் காலையில் எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாம். கர்ப்பூரம் காட்டினார்கள். கலைவாணி சாட்சியாக வெண்டைக்காய் தட்டில் கிடந்தது. பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். வேணுகோபால் மட்டும் விளக்கு மலையேறும் வரை இருந்துவிட்டு வருகிறேன் என்றான்.

மறுநாள் காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைக் கிழித்துப் போட்டாள். அதற்கு அடுத்த நாள் தெருக்காரர்கள் நூல் வாங்க வந்தார்கள். தீபாவளி நெருங்குகிற நேரம், எல்லாருக்கும் அவசரம். வேணுகோபால் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உன் பேரு இல்லயேப்பா."

"நல்லாப் பாருய்யா. போன மாசம் இருந்தனே."

"நான் இன்னா பண்றது? பாக்கத்தான் எனக்கு அனுமதி. இல்லன்னு சொல்லுது. அடுத்த ஆளு."

அடுத்த ஆளுக்கும் இல்லை. அதற்கடுத்தவனுக்கும் இல்லை. வரிசையில் நின்ற சின்னக்கண்ணு கவுண்டருக்கு வந்தபோது வேணுகோபால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆதிலட்சுமி காலை இழுத்துக்கொண்டு குளிர் அறைக்கு ஓடினாள். தெருவே இல்லை. பேர் இருந்த இடத்தில் ஓட்டையோ கறையோ இருந்தாலாவது மனசு ஆறும். மெஷினில் அதுவும் இருக்காது. நேற்று வரை இருந்தவர்கள் பிறக்கவே இல்லை என்பது போல அடுத்த தெரு ஆட்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிளாப்பியை எடுத்துப் போட்டாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மெஷின் கரகரவென்று கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. பழைய உறுப்பினர் புத்தகம், கம்ப்யூட்டர் வந்த கையோடு ஆடிட்டுக்கென்று வேலூருக்குப் போனது, போனதுதான்.

தேர்தல் நடந்தது. பேர் இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை. மைத்துனர் ஜெயித்தார்.

யார் அழித்தார்கள் என்று மெஷினைக் கேட்டார்கள். அது ஒளிக்காமல் சொன்னது: ஆதிலட்சுமி. ஆயுத பூசையன்று. மத்தியானம்.

பேர் போனதைவிட அந்தத் தேதிதான் தெருவைக் கொதிக்க வைத்தது. "பூச வச்ச ஆயுதத்தத் தொட்டவளா? சாமி கண்ணு முன்னாடியேவா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். பொன்னியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரைத் திட்டினாள். சின்னக்கண்ணு ஒருத்தனுடைய சட்டையையே பிடித்துவிட்டான். வீட்டுக்கு வந்து தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீ தொட்டியா?"

"இல்லண்ணா."

"அது போதும். இனிமே எவனாச்சும் பேசட்டும்."

அதற்கப்புறம் அவன் அவளை அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. தெருவில் யார் கேட்டாலும் அவனே பதில் சொன்னான்.

தசரதன் ஒருநாள் அவளைச் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தினான். "யக்கா, அன்னிக்கு வேணுகோபாலு மெஷின் ரூமுக்குள்ள குந்திகினு இருந்தாரு. நான் பாத்தேன். பொட்டு வக்கறாராக்கும்னு நெனச்சிட்டேன். என் பேர இழுக்காதீங்க யக்கா. மூணு பொட்டப் புள்ளைங்க."

"இழுக்கல, போ" என்றாள் அவள். பேரை இழுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

தீபாவளிக்குத் தெருவில் வெடிச் சத்தமும் இல்லை, தறிச் சத்தமும் இல்லை. தனி முதலாளிகளிடம் போய்க் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்கே நூல் போதவில்லை என்றார்கள். கார்த்திகையில் ஆண்கள் களம்பூர் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போக ஆரம்பித்தார்கள். சின்னக்கண்ணுவும் விடிந்தால் பஸ் ஏறினான். பட்டு நெசவாளியின் கை வேறு மாதிரி. விரல் நுனி குழந்தை கன்னம் போல இருக்க வேண்டும். கொஞ்சம் சொரசொரத்தாலும் பட்டு இழை அதில் மாட்டிப் பிசிறு கிளம்பிவிடும். சணல் மூட்டையைப் பிடித்துப் பிடித்து அவன் கை கறுத்துக் காய்த்துக்கொண்டே வந்தது. தினம் சாயங்காலம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்காருவான்.

ஒருநாள், தறியில் மிச்சமாய்த் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டு இழையை எடுத்து விரலில் ஓட்டிப் பார்த்தான். இழை மாட்டியது. விடுவித்து மறுபடி ஓட்டினான். மறுபடி மாட்டியது. பின்கட்டிலிருந்து ஆதிலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

"இன்னும் ரெண்டு மாசம் மூட்ட தூக்கனா, அப்புறம் நூல் குடுத்தாலும் நெய்ய முடியாதுடி" என்று பொன்னியம்மாளிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய் நின்றாள். "பேருங்கள எப்ப சார் திரும்பச் சேக்கப் போறீங்க?"

ரங்கசாமி இப்போது பரம சாதுவாக இருந்தார். தேர்தல் முடிந்துவிட்டது, அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. "எனக்கு இன்னாம்மா? சேத்தா சேக்கட்டும். ஆனா எப்படிப் போச்சுன்னு தெரியாம சேக்கக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. விசாரணை வச்சா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. யாராவது 'நான்தான், கை தவறிப் போச்சு'ன்னு பொதுக்குழுவுல சொன்னா அன்னிக்கே முடிஞ்சிரும். தவறுன்னா திருத்திக்கலாம் பாரு."

"வேணுகோபாலு சொல்லட்டும் சார்."

"மெஷின்ல அவன் பேரு இல்லயே. உன் பேருதானே கீது."

கம்ப்யூட்டர் அறையின் குளிர்சாதனப் பெட்டி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"நான் காயிதத்துல எழுதிக் குடுத்துடறேன் சார். கூட்டத்துல வேணாம்."

"காயிதம் எவன் படிக்கறான்? உங்க தெருக்காரன் காதுல விழணும்மா. இல்லன்னா நாளைக்கி அவன் வேற யாரையாச்சும் சொல்லிகினு திரிவான்."

மார்கழியில் பொதுக்குழு. சங்கத்து முற்றத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மேலிடத்து அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சின்னக்கண்ணு முன்வரிசையில் இருந்தான். எழுந்து பேசினான்: "எங்க பேரு எப்படிப் போச்சுன்னு கண்டுபுடிங்க. என் தங்கச்சி தொடலன்னு சொல்லிட்டா. அவ பொய் சொல்ல மாட்டா. வேற யாரோ பண்ணிகீறான். அவன நிறுத்துங்க இங்க."

"உக்காருப்பா, உக்காரு" என்றார் அதிகாரி.

"உக்கார மாட்டேன் சார். அவள வளத்தவன் நான்."

அப்போது ஆதிலட்சுமி எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார் அழிச்சேன். பூச அன்னிக்கு மெஷினத் தொட்டேன். செத்தவங்க பேரக் கழிக்கலாம்னு உக்காந்தேன். கை தவறிப் போச்சு."

பின்னால் இருந்து ஒருத்தன் கத்தினான்: "இத்த அன்னிக்கே சொல்றதுக்கின்னாடி? எங்க கை போச்சேடி!" இன்னொருத்தன் சின்னக்கண்ணுவைப் பார்த்து, "பொய் சொல்ல மாட்டாளாமே" என்றான். ஜமக்காளத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

சின்னக்கண்ணு தங்கையைப் பார்த்தான். அவள் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கம் திரும்பினால் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

மேனேஜர் சொன்னபடி நடந்துகொண்டார், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். மெட்ராசிலிருந்து நேமிநாதன் வந்தான். பேர்களை அவளே ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தாள். தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று மனசில் நடந்துகொண்டே அடித்தாள். தன் வீட்டுக்கு வந்தபோது ஓரெழுத்து தப்பியது. அழித்து, திரும்ப அடித்தாள்.

எல்லாம் முடிந்ததும் நேமிநாதன் அவளுக்கிருந்த நாலு அனுமதியையும் எடுத்துவிட்டான். அவனுக்கு உத்தரவு அப்படி. "நீங்க தொட்டிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தோணுதும்மா" என்றான் மெதுவாக.

"பொழுது சாயுது, போய்ச் சாப்புடுங்க" என்றாள்.

அன்று கவுண்டரில் வேணுகோபால் பேர் சொல்லிக் கூப்பிட்டு நூல் கொடுத்தான். சின்னக்கண்ணு வாங்கிக்கொண்டு போனான். ஆதிலட்சுமி வீட்டுக்குப் போனபோது பின்கட்டு அறை திறந்து கிடந்தது. அவளுடைய துணிகளை மடித்து ஒரு பையில் வைத்து, மேலே ஒரு பாத்திரத்தில் சோறும் கட்டி வைத்திருந்தாள் அண்ணி. வாய் நீளக்காரி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தறி இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள். உள்ளே சின்னக்கண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு பாவு இழைகளைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா" என்றாள் ஆதிலட்சுமி.

அவன் கை நின்றது. திரும்பவில்லை. மறுபடி கை ஓடத் தொடங்கிய பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

போளூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. பின்னால் ஓர் அறை, அங்கேயே சமையல். ஆரணிக்கு அரை மணிக்கொரு பஸ். அவள் ஏறியதில்லை.

நாலைந்து வருஷம் கழித்து தசரதன் அவளைத் தேடி வந்தான். சங்கத்து வேலையை விட்டுவிட்டான். மூன்று பெண்களையும் கரையேற்றிவிட்ட தைரியம் முகத்தில் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"யக்கா, மனசு கேக்கல. நேத்து உங்க அண்ணன்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேணுகோபாலு குந்திகினு இருந்தது, நான் பாத்தது, எல்லாம்."

அவள் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தாள். "அண்ணன் இன்னா சொல்லுச்சு?"

தசரதன் டம்ளரையே பார்த்தான். "'ஊரு முன்னாடி எழுந்து நின்னு அவளே சொன்னா. நீ யார்றா நடுவுல? எவ்ளோ குடுத்தா?'ன்னு கேட்டாரு. தொரத்திட்டாரு யக்கா."

அறையில் நாலைந்து டைப் மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணன் நெய்யுதா?"

"நெய்யிறாரு. முகூர்த்தச் சேல, ஜோராப் போவுது."

"அப்ப சரி. நீ இனிமே அங்க போவாத தசரதா. நீ சொன்னத அண்ணன் நம்பியிருந்துச்சுன்னா நேரா ரங்கசாமி வாசல்ல போய் நின்னிருக்கும். சட்டையப் புடிச்சிருக்கும். மறுநாளே தெருப் பேரு மறுபடி போயிருக்கும். இப்ப அங்க அழிக்கற அனுமதி யாருகிட்ட கீதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"வேணுகோபாலுகிட்டதான்."

"போவாத."

அவன் தலையாட்டினான். ஆதிலட்சுமி தூக்கு வாளியிலிருந்து அவனுக்கு டீயை ஊற்றிக் கொடுத்தாள். ஆரணி பஸ் ஹாரன் அடித்தது. அவன் அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்து ஓடினான்.